ஆஸ்துமா உள்ளவர் கடலடியில் இறங்கலாமா?



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். தோட்டப் பள்ளியில் படித்த நாளில், பனி இறங்கும் காலைகளில் இரைப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. நண்பர்களோடு பூலாவ் பாயார் தீவுக்குப் போய், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலடியில் இறங்கப் பழகப்போகிறானாம். கையில் ஒரு படிவம். ஆஸ்துமா உண்டா என்ற கேள்விக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

"மூணு மாசமா ஒண்ணும் இல்லையே டீச்சர், 'இல்லை'ன்னு போட்டுட்டா என்ன?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஊதிக் கட்டி, 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால் அது பாதியாகச் சுருங்கும். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரு மடங்கு. திரும்ப மேலே கொண்டுவந்தால் பழைய அளவுக்கு வரும், அதற்கு மேல் பெருக்காது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த நம்மவர் நுரையீரல் இப்படிப்பட்ட பலூன்தான். கல்லின் பாரத்தில் இறங்கினார்கள். கரையில் இழுத்த அதே மூச்சோடு ஏறினார்கள்.

இப்போது அதே பலூனை 10 மீட்டர் ஆழத்தில் வைத்து, சிலிண்டர் காற்றால் முழுக்க ஊதிக் கட்டுங்கள். மேலே வர வர இரு மடங்காகப் பெருக்கப் பார்க்கும். வெடித்துவிடும். 1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய சுவாசக் கருவி மனிதனுக்குள் வைப்பது இந்த இரண்டாவது பலூனைத்தான். அதனால்தான் பயிற்சியாளர்கள் முதல் நாளே, ஏறும்போது மூச்சை அடக்காதே என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள்.

ஆஸ்துமாக்காரர் அடக்காவிட்டாலும் காற்று தானே அடைபட்டுவிடும். மூச்சுக் குழல்கள் சுருங்கிச் சளி கட்டும்போது, உள்ளே போன காற்று வெளியே வரத்தான் அதிகம் திணறும். அந்த நிலையில் மேலே ஏறினால் நுரையீரல் கிழியலாம். காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். ஆழம் குறைவு என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. ஒன்றரை மீட்டர் போதும். இரைப்பைக் கிளப்பும் காரணங்களும் அங்கே நிறைய: சிலிண்டர் காற்று ஈரமே இல்லாதது, வாய்க்கருவி வழியே உப்புநீர்த் திவலை வரும், நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டும், பயம் வேறு. பம்ப் அடிக்கலாம் என்றால் நீருக்கடியில் எப்படி அடிப்பது? குமிழி மூளைக்குப் போனவரை அழுத்த அறையில் வைக்க வேண்டும். அப்படி ஓர் அறை பேராக் மாநிலத்து லுமுட்டில், இராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. பாயார் தீவோ கெடா கடலில். படகில் கரை சேர்ந்து, பிறகு சாலையில் போய்ச் சேர எத்தனை மணி நேரம் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் மருத்துவர்கள் ஒரே வார்த்தையில் 'கூடாது' என்றார்கள். இன்று ஆளைப் பார்த்துச் சொல்கிறார்கள். பிரிட்டனின் விதி எனக்குத் தெளிவாகப் படுகிறது. குளிர், உழைப்பு, மனக்கலக்கம் இவற்றால் இரைப்பு வருபவர் இறங்கக் கூடாது. மற்றவரும் நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால்தான் இறங்கலாம். கடந்த 48 மணி நேரத்தில் இரைப்பைத் தணிக்கும் பம்ப் தேவைப்பட்டிருந்தால் அன்று இறங்கக் கூடாது. தினமும் அடிக்கும் தடுப்பு மருந்து வேறு. அதை நிறுத்தவே வேண்டாம். கடலுக்கு முன் தணிக்கும் பம்பை அடித்து இரைப்பை மறைத்துக்கொண்டு இறங்குகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். 2015, 2019 ஆண்டுகளில் வந்ததுபோல் புகைமூட்டம் சூழ்ந்த நாள்களில், நன்றாக இருப்பவருக்கும் மூச்சு இறுகும்.

அவன் 'ஆம்' என்றே குறித்தான். மருத்துவர் அவனை ஓடவிட்டு, குழாயில் ஊதச் சொன்னார். ஓட்டத்துக்குப் பின் மூச்சின் அளவு நன்றாகவே குறைந்துவிட்டது. கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு நண்பர்களோடு தீவுக்குப் போகத்தான் செய்தான். மிதவைச் சட்டை போட்டு, முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டி, கரையோரத்தில் மேலேயே மிதந்தானாம். மிதந்து மூச்சுவிடுபவருக்கு அந்த இரண்டாவது பலூன் கிடையாது. ஆனாலும் இரைப்பு வரலாமே என்று ஒரு நண்பன் பம்போடு பக்கத்திலேயே இருந்திருக்கிறான்.

"சுறாக்குட்டி காலடியில ஓடுச்சு டீச்சர், அதுக்குத்தான் மூச்சு நின்னுபோச்சு" என்று சொல்லிச் சிரித்தான்.