பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் ஜூல் வெப்ப விதியை நாம் எல்லோரும் நடத்துகிறோம். மின்னோட்டத்தின் இருமடி, மின்தடை, நேரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனே வெப்பம். மாணவர்கள் கணக்கும் சரியாகப் போடுகிறார்கள். ஆனால் அதில் ‘நேரம்’ எதற்கு என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். எங்கள் பள்ளியில் அதை விளங்க வைத்தது ஒரு மாதிரி ரயில்.

முன்னாள் மாணவர் ஒருவர் தந்தது. ஒரு வட்டப்பாதை, அதிலிருந்து பிரியும் ஒரு கிளைப்பாதை. பிரியும் இடத்திலுள்ள பாயிண்ட்டை நகர்த்த அடியில் ஒரு மோட்டார். மோட்டார் என்பது பெயர்தான், சுழலும் பகுதி எதுவும் கிடையாது. இரண்டு கம்பிச்சுருள்கள், நடுவே ஓர் இரும்புத்தண்டு. எந்தச் சுருளில் மின்னோட்டம் பாய்கிறதோ அந்தப் பக்கம் தண்டு இழுபடும். நாம் நடத்தும் வரிச்சுருளேதான். வெளியே வருபவை மூன்று கம்பிகள்: இரண்டு சுருளுக்கும் பொதுவாக ஒன்று, சுருளுக்கு ஒன்றாக இரண்டு.

கண்காட்சி என்றாலே நம் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ‘விவரமான’ இரண்டு பையன்கள் வயரிங் செய்வார்கள். பெண் பிள்ளைகள் சார்ட் எழுதுவார்கள். இம்முறை வருகைப்பதிவேட்டின் வரிசைப்படி குழு பிரித்தோம். அதுவரை சார்ட் மட்டுமே எழுதிவந்த ஒரு மாணவி வயரிங் குழுவுக்கு வந்தாள். இணைப்பு கொடுக்கும் முன்பே அவள் கேட்டாள்: “பட்டனை விடாம அமுக்கிட்டே இருந்தா என்ன ஆகும் டீச்சர்?”

பதில் சொல்லாமல் மல்டிமீட்டரைக் கொடுத்தேன். சுருளின் மின்தடை 4 ஓம். 16 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர். அப்படியானால் விநாடிக்கு 64 ஜூல் வெப்பம், அதுவும் கட்டைவிரல் அளவுள்ள சுருளில். தண்டு நகர ஒரு விநாடியின் சிறு பகுதியே போதும். அதற்குமேல் பாய்வது முழுக்க வெப்பம்தான். பத்து விநாடி அழுத்தினால் 640 ஜூல். கம்பியின் எனாமல் பூச்சு கருகி, சுருள் வீணாகிவிடும். ‘நேரம்’ எதற்கு என்பதற்கு வகுப்பே விடை சொன்னது.

“சட்டுனு விரலை எடுத்துடணும்” என்று எழுதி ஒட்டலாம் என்றான் ஒருவன். கண்காட்சிக்கு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைப் படித்துவிட்டா அழுத்தும்? பாதுகாப்பு சுற்றிலேயே இருக்க வேண்டும்.

அதற்குத்தான் மின்தேக்கி. 24 வோல்ட் நேர்மின்னோட்ட அடாப்டர், 220 ஓம், 5 வாட் மின்தடை, அதன் வழியாக மின்னேற்றம் பெறும் 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் மின்தேக்கி. மின்தேக்கிக்கும் சுருள்களுக்கும் இடையில் இரண்டு புஷ் பட்டன்கள். மின்தேக்கியில் சேர்ந்திருப்பது சுமார் 1.35 ஜூல். பட்டனை அழுத்தியதும் அது ஒரே வீச்சில் பாய்ந்து தண்டை இழுக்கிறது. விரலை எடுக்காவிட்டாலும், பிறகு மின்தடை வழியாக வருவது ஏறத்தாழ 0.1 ஆம்பியர்தான். சுருளில் விநாடிக்கு 0.05 ஜூல்கூட வெப்பம் வராது. விரலை எடுத்தால் ஐந்து விநாடிக்குள் மின்தேக்கி மீண்டும் தயார்.

செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில. மூடிய அடாப்டரையே பயன்படுத்துங்கள்; 230 வோல்ட் பக்கம் மாணவர் கை போகக் கூடாது. மின்தேக்கியின் நேர், எதிர் முனைகளை நீங்களே சரிபார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். மாற்றி இணைத்தால் அது வெடிக்கக்கூடும். அடாப்டரைக் கழற்றினாலும் மின்தேக்கியில் மின்னூட்டம் இருக்கும். பட்டனை அழுத்தி இறக்கிவிட்டுக் கை வையுங்கள். ரயில் ஓட ஒரு சப்ளை, பாயிண்ட்டுக்குத் தனி சப்ளை. மெல்லிய கம்பியும் வேண்டாம். கம்பியின் மின்தடை 1 ஓம் என்றால், 4 ஓம் சுருளுக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் பாயிண்ட் ஒரு பக்கம் மட்டுமே நகர்ந்தது. அதே மாணவி மல்டிமீட்டரை எடுத்தாள். ஒரு சுருளில் 4 ஓம். மற்றதில் அளவீடே இல்லை. விட்டுப்போயிருந்த பற்றவைப்பைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

நம் ரயில்வேயின் பாயிண்ட் இயந்திரங்களில் உண்மையான மோட்டாரே இருக்கிறது. 110 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கிச் சில விநாடிகளில் தண்டவாள நாக்கை நகர்த்திப் பூட்டுகிறது. வேலை முடிந்ததும் மின்னோட்டம் தானாகத் துண்டிக்கப்படுகிறது. பாயிண்ட் சரியாக அமைந்தது உறுதியானால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கும் மனிதரின் கவனத்தை மட்டும் நம்பி விடுவதில்லை.

மாதிரி ரயில் இல்லாத பள்ளியிலும் இதைத் தொடங்கலாம். காலியான பேனாக் குழாயில் எனாமல் பூசிய செப்புக்கம்பியை நூறு, இருநூறு சுற்று சுற்றி, வாயில் ஓர் ஆணியை வைத்து, இரண்டு டார்ச் செல்களை ஒரு கணம் இணையுங்கள். ஆணி உள்ளே இழுபடும். சில விநாடிகள் விட்டுச் சுருளைத் தொடச் சொல்லுங்கள். சூத்திரம் விரலுக்குத் தெரியும்.

கம்பி சுற்றுவது யார், சார்ட் எழுதுவது யார் என்பதை வருகைப்பதிவேட்டின் வரிசையே முடிவு செய்யட்டும் என்பதே என் வேண்டுகோள்.