கதை சொல்லும் உரிமை

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். அதே ஆண்டு அக்டோபரில் முதல் பொதுத்தேர்தல் தொடங்கியது. வாக்குரிமை முந்திக்கொண்டது, கல்வி ஓடிப்போய் அதை எட்ட வேண்டியிருந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வழிசெய்யும் பொறுப்பை, 1956இல் அரசமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவு மாநிலங்களுக்குத் தந்தது.

கல்வியைப் பரப்பும் பணிக்கு 1975இல் செயற்கைக்கோளும் வந்தது. இஸ்ரோ ஓராண்டுக் காலம், நாசாவின் செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியது. வடகர்நாடகக் கிராமங்களும் அவற்றில் அடக்கம். காலையில் பள்ளிப் பிள்ளைகளும் மாலையில் பெரியவர்களும் ஊர்ப் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தார்கள். அவர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள். பதிலுக்குத் தங்கள் கதையைச் சொல்லும் வாய்ப்பு மிகக் குறைவு.

அந்த வாய்ப்பை அகலத் திறந்த முயற்சிகளில் ஒன்று பெங்களூரில் பிறந்தது. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் பதிப்பகம், 2015 செப்டம்பர் 8 அன்று, உலக எழுத்தறிவு நாளில், ஸ்டோரிவீவர் என்னும் இணைய நூலகத்தை வெளியிட்டது. 24 மொழிகளில் சுமார் 800 கதைகளோடு தொடங்கிய அது, இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளைத் தொட்டிருக்கிறது. காரணம் அதன் உரிம முறை. படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். எவரும் கதையைப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிடலாம்.

படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்காகக் கன்னடத்தில் உள்ள ஒரு முதல்நிலைக் கதை 250 சொற்களுக்குள் முடியும். ஓர் ஆசிரியை படங்களை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தமிழில் தட்டச்சு செய்து வெளியிடலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு மொழிபெயர்த்தவர் பெயரும் அதில் இடம்பெறும். வகுப்பில் இணைய வசதி இல்லையென்றால் அச்சிட்டுக் கொடுக்கலாம்.

1994இல் மக்களாட்சிக்கு வந்தபோது 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்ற தென்னாப்பிரிக்காவிலும் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்ற திறந்த நூலகம் இதே வழியில் இயங்குகிறது. புதிதாக மக்களாட்சி காணும் நாட்டில், சிறிய மொழி பேசும் பிள்ளையின் வீடும் ஊரும் பாடநூலுக்குள் வர நெடுங்காலம் ஆகிறது. கைப்பேசியில் எழுதும் கதை அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது.

கருவி தானாக எதையும் செய்துவிடாது. பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் ஆசிரியர், அதைத் திருத்தமாக எழுதும் மொழியறிவு, பெயர் குறிப்பிடும் நேர்மை ஆகிய மூன்றும் வேண்டும். பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் ஒரு குழந்தைக் கதையை எழுதியோ மொழிபெயர்த்தோ தந்தால், கல்வி தமக்குக் கொடுத்ததில் ஒரு பங்கை அடுத்த தலைமுறைக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஆவார்கள்.