அடியார் இராத்தங்கும் இடம்

(சித்திரைச் சதயத் திருநாளில் வடதிருமுல்லைவாயிலில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாசிலாமணிப் பெருமான் ஆண்டு முழுவதும் தம் திருமேனியில் தரித்திருக்கும் சந்தனக் காப்பைக் களைந்து காட்சி கொடுத்தருளும் திருநாள் இது. முல்லைக் கொடியை வெட்டிய தொண்டைமானுடைய வாள் பட்ட திருமுடியைக் கண்டு நெஞ்சு நெகிழ்ந்து இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். இச்சதயமே திருநாவுக்கரசு சுவாமிகள் திருப்புகலூரில் இறைவன் திருவடி நிழலை அடைந்த நாளும் ஆகும். ஆதலின் அப்பர் பெருமானை நினையாமல் இன்று எதனையும் பேச இயலாது. அப்பரை நினைந்தால் அவர் நடந்த நடையை நினைக்க வேண்டும். 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. அதில் பெரும்பகுதி, தோளில் உழவாரப் படையுடன் ஊர் ஊராக நடந்த காலம்.

நடையைப் பற்றியே இன்று பேசப் போகின்றோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. வரும் கார்த்திகைத் தீபத்திற்கு அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி அன்பர்கள் கூடித் திருவண்ணாமலைக்கு நடந்து செல்வதென்று எமது வழிபாட்டு மன்றத்தில் முடிவாயிற்று. பூவிருந்தவல்லி, திருப்பெரும்புதூர், காஞ்சி, செய்யாறு, ஆரணி, போளூர் வழியாக ஏறத்தாழ 190 கிலோமீட்டர். இராத்தங்கும் இடங்களை இப்போதே பதிவு செய்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஒரு சாரார் கூறியது இது: "அறையைப் பதிவு செய்துகொண்டு புறப்படுவது யாத்திரையா, உல்லாசப் பயணமா? அப்பர் பெருமான் எந்த விடுதிக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் கயிலைக்கு நடந்தார்? நம்மை அழைக்கின்றவன் நமக்கு ஓர் இடம் வைத்திராமலா இருப்பான்?" மற்றொரு சாரார், "மழைக்காலம். பெண்களும் முதியவர்களும் வருகின்றார்கள். நடுவழியில் நின்று தவிக்க முடியுமா?" என்றனர். இரு சாராரும் எம்மைப் பார்த்தார்கள். இத்திருநாளில் விடை கூறுவதாகச் சொல்லி அன்று தப்பித்துக் கொண்டோம்.

முதற்கண் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாமும் ஒரு காலத்தில் அந்த முதற்சாராரைச் சேர்ந்தவரே. பதிவு செய்வோரைப் பார்த்து நகைத்ததும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் 34 பேர் புறப்பட்டோம். எங்கும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. முதல் நான்கு இரவுகள் இனிதாகவே கழிந்தன. ஓரூரில் பிள்ளையார் கோயில் முன்மண்டபம், ஓரூரில் பள்ளிக்கூடத் தாழ்வாரம் என்று இடங்கள் தாமே வாய்த்தன. ஐந்தாம் நாள் பிற்பகலில் பிடித்த மழை இரவிலும் விடவில்லை. நாம் சென்று சேர்ந்த ஊரிலோ அன்று முகூர்த்த நாள். இருந்த கல்யாண மண்டபம் இரண்டிலும் திருமணம். கார்த்திகை மாதம் தீபத்திற்கு மட்டுமன்றித் திருமணத்திற்கும் உரிய மாதம் என்பது எமக்குத் தோன்றவே இல்லை. அங்கிருந்த விடுதியில், சேறு படிந்த காலுடன் முப்பது பேர் முன்னறிவிப்பின்றி வந்து நின்றால் இடமில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கடைத்தெருவில், சாத்திய கடைகளின் முன்பாக, தகரக் கூரையின் கீழ் நின்றோம்.

எம்மோடு அம்பத்தூரிலிருந்து எழுபது வயது நிரம்பிய அம்மையார் ஒருவர் வந்திருந்தார். இரவு முழுவதும் அக்கடைக் கதவில் சாய்ந்தவாறே அஞ்செழுத்தை ஓதிக்கொண்டு நின்றார். விடிந்தபோது உடல் கொதித்தது. போளூரில் மருத்துவரிடம் காட்டி, ஒருவரைத் துணை கூட்டிப் பேருந்தில் ஊருக்கு அனுப்பினோம். தீபத்திற்கு இரண்டு நாள் இருந்தது. அவ்வம்மையார் அவ்வாண்டு தீபம் காணவில்லை; அதன்பின் நடந்து செல்லும் வலிமை அவருக்கு வரவும் இல்லை. எம்மை ஒரு சொல்லும் சொல்லாமல், "அவன் சித்தம், ஐயா" என்று மட்டும் கூறினார். அது அவன் சித்தமா, எமது சோம்பலா என்ற கேள்வி இன்றுவரை எம்மை விட்டபாடில்லை.

அப்பர் பெருமான் கயிலைக்குத் தனியே நடந்தார். கால் தேய்ந்தபின் கைகளாலும், கைகள் தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து சென்றார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். தம் உடம்பை அவர் இறைவனிடம் ஒப்படைத்தார். ஒப்படைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. பிறர் வீட்டுத் தாயை அழைத்துச் சென்று அவர் சார்பிலும் ஒப்படைப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

இறைவன் அடியவர்க்குச் சோறு கொடுக்கவில்லையா, நிழல் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தான். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்துக் களைத்த அப்பருக்குக் குளமும் சோலையும் அமைத்து, அந்தணர் வடிவில் பொதிசோற்றுடன் காத்திருந்தான். நம் நாட்டிலேயே, செங்கற்பட்டுக்கு அண்மையிலுள்ள திருக்கச்சூரில், சுந்தரமூர்த்தி சுவாமிகள் பசியால் வாடிக் கோயில் வாயிலில் அமர்ந்தபோது, நண்பகல் வெயிலில் வீடு வீடாகச் சென்று இரந்து வந்து அமுது படைத்தான். இவ்வரலாற்றை நாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். ஆனால் சேக்கிழார் அங்கே சொல்லும் ஒரு சிறு செய்தியைக் கேட்டும் கேளாதவர்போல் விட்டுவிடுகின்றோம். சுந்தரர் ஏன் பசித்திருந்தார்? அவருக்கு அமுது அமைக்கும் பரிசனம் வந்து சேரவில்லை. அதாவது, தம்பிரான் தோழருக்கும் சமையல் ஏற்பாடு இருந்தது! அது பின்தங்கியபோதுதான் பெருமான் ஓட்டினை ஏந்திப் புறப்பட்டான். ஏற்பாடே செய்யாமல் கையை வீசிக்கொண்டு சென்று, பின்னால் பெருமானை வெயிலில் அலைய வைக்க வேண்டும் என்று அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கவில்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். பழங்காலத்து யாத்திரிகர் முன்பதிவு செய்யவில்லை என்றால், அவருக்கு முன்னதாகவே வேறொருவர் பதிவு செய்து வைத்திருந்தார் என்பதே பொருள். திங்களூரில் அப்பூதியடிகள், தாம் கண்டும் அறியாத திருநாவுக்கரசின் பெயரால் தண்ணீர்ப் பந்தலும் மடமும் அமைத்தார். வரப்போகின்றவர் யார், எந்த நாளில் வருவார் என்று அவர் கேட்கவில்லை. ஒருநாள் அப்பரே அங்கு வந்து நின்றார். இராமேசுவர யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் எழுப்பினார்கள். சரபோசி மன்னர் கட்டிய ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கின்றது. ஊர் எல்லையில் சுமைதாங்கிக் கல்லை நட்டவர்கள் நம் பாட்டன்மார். அச்சத்திரங்களில் பல இன்று வேறு பயனுக்கு ஆகிவிட்டன. சுமைதாங்கிகள் சாலையை அகலப்படுத்தியபோது பெயர்ந்து போயின. வழியில் அமைந்திருந்த ஏற்பாடு மறைந்த பிறகு, புறப்படுகின்றவன்தான் அதனைச் செய்தாக வேண்டும்.

பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் பெருமக்களைப் பாருங்கள். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று எந்த இரவு எவ்விடத்தில் என்பது தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டிருக்கின்றது. அவர்களுக்கு முருகன்மேல் நம்பிக்கை குறைவு என்று சொல்லத் துணிபவர் யார்?

அப்படியானால் ஒவ்வோர் இரவிற்கும் அறையைப் பதிவு செய்துவிடலாம் என்று இரண்டாம் சாரார் மகிழ வேண்டாம். அதனையும் செய்து பார்த்திருக்கின்றோம்.

அந்த மழை இரவிற்கு அடுத்த ஆண்டு, வெட்கத்தினால் விளைந்த வேகத்தோடு, எல்லா இரவிற்கும் கைப்பேசியிலேயே இடம் பேசி முன்பணமும் கட்டிவிட்டுப் புறப்பட்டோம். நான்காம் நாள் மாலை, காஞ்சியைக் கடந்து செய்யாறு நோக்கிச் செல்லும்போது, ஒரு சிற்றூரார் பசனை மடத்தைக் கழுவிக் கோலமிட்டு, வெண்பொங்கல் ஆக்கி வைத்துக்கொண்டு சாலையில் நின்றார்கள். "இரவு இங்கே தங்குங்கள், சாமி. குழந்தைகளுக்கு இரண்டு பதிகம் சொல்லிக் கொடுங்கள்" என்று ஒரு பெரியவர் கைகூப்பினார். பதிவு செய்த மண்டபமோ இன்னும் 11 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கட்டிய பணம் வீணாகுமே என்று ஒருவர் சொல்ல, நின்றவாறே ஒரு பிடிப் பொங்கலை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டோம். இருட்டில் லாரிகளின் விளக்குக்கு ஒதுங்கி ஒதுங்கி, கொப்புளம் உடைந்த காலுடன் ஒரு சிறுவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, இரவு பத்து மணிக்கு மண்டபம் சேர்ந்தோம். மின்விசிறி இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. பதிகம் பாட ஒருவருக்கும் தெம்பில்லை. வழிநடையில் நாம் பாடாமல் உறங்கிய இரவு அது ஒன்றே.

அன்று எம்மை நடத்தியது அண்ணாமலையான் அல்லன், முன்பணம். சாலையில் கைகூப்பி நின்ற அப்பெரியவர் அப்பூதியடிகள் அல்லர் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே அன்பர்களே, நமது கருத்து இது. தீபத்தன்றும் அதற்கு முன்னிரவும் திருவண்ணாமலையில் தங்கும் இடத்தை இப்பொழுதே உறுதி செய்துவிட வேண்டும். இலட்சக்கணக்கானோர் கூடும் நாளில் அங்குப் போய்த் தேடுவது பேதைமை. இரமணாசிரமம் போன்ற இடங்களில் எந்நாளிலும் முன்னரே எழுதி இசைவு பெற்றுத்தான் தங்க முடியும். வழியில், பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்த நாள் விழும் இரவுகளுக்கு மட்டும் மண்டபமோ விடுதியோ பணம் கட்டிப் பதிவு செய்யலாம். மற்ற இரவுகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சொல்லி வைத்தால் போதும். ஐப்பசியில் நம்மில் இருவர் அவ்வழியே பேருந்தில் சென்று, கோயில் அறங்காவலரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் நேரில் கண்டு, இத்தனை பேர் வருகின்றோம், மழைக்கு ஒதுங்க இடம் தேவை, காலையில் பெருக்கித் துடைத்துத் தருகின்றோம் என்று கேட்டு வர வேண்டும். கைப்பேசியில் கேட்டால் இல்லை என்பவர்கள், முகம் பார்த்துக் கேட்டால் தருகின்றார்கள்.

தொலைவை அளக்கும்போது விரைந்து நடப்பவர் காலைக் கொண்டு அளக்கக் கூடாது. கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர், மழையில், வெளிச்சம் இருக்கும்போதே சென்று சேரக்கூடிய இடம் எதுவோ அதுவே அன்றைய தங்கல். கட்டும் முன்பணத்தைக் கட்டும்போதே உண்டியலில் இட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டும். வழியில் ஓர் ஊரார் அழைத்தாலோ ஒருவர் கால் ஓய்ந்தாலோ அங்கேயே நின்றுவிடலாம். நின்றால், பதிவு செய்த இடத்திற்கு அப்பொழுதே சொல்லிவிட வேண்டும். மழையில் நிற்கும் வேறொரு கூட்டத்திற்கு அது உதவும். இப்படிச் செய்தால் செலவு கூடாதா என்பீர்கள். கூடும். கூடிய செலவை இயன்றவர் ஏற்க வேண்டும், இயலாதவரிடம் கேட்கக் கூடாது.

பேச்சை முடிக்கும் முன் ஒரு செய்தி உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சூளுறவைக் கடந்தமையால் கண்ணொளி இழந்த சுந்தரர், அங்கிருந்து நேரே நடந்து வந்தது எங்கே? இதே திருமுல்லைவாயிலுக்கு. இங்குப் பாடி, பின்னர்த் திருவெண்பாக்கம் சென்றார். அப்பழைய கோயில் இருந்த இடம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டது. இறைவன் இப்போது அதன் அருகே புதிய கோயிலில் எழுந்தருளியிருக்கின்றான். பெருமான் அவருக்கு ஊன்றுகோல் ஈந்தது அத்தலத்தில். கோல் கிடைக்கும் முன், வழி தெரியாமல் பிறர் துணையோடு தடுமாறி வந்த அடியார்க்கு இவ்வூரில் திண்ணை கொடுத்தவர் யார்? சேக்கிழார் பெயர் சொல்லவில்லை. யாரோ ஒருவர் கொடுத்திருக்க வேண்டும்.

சென்ற ஆடிக் கிருத்திகையின்போது, சென்னையிலிருந்து நெடுஞ்சாலை வழியே திருத்தணிக்குக் காவடியோடு நடந்து வந்த அன்பர்கள் இருபது பேர், இரவு ஒன்பது மணிக்கு எமது மன்றத்தின் கூடத்து வாயிலில் நின்று இடம் கேட்டார்கள். அடியேங்கள் உள்ளிருந்து கேட்ட முதற்கேள்வி, "முன்கூட்டிச் சொல்லியிருந்தீர்களா?" என்பது. திறவுகோல் செயலாளரிடம், செயலாளர் ஊரில் இல்லை என்றோம். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் ஆவடிப் பக்கமாக நடந்து சென்றார்கள்.

இவ்வாண்டு ஆடியில் கிருத்திகைக்கு முன் ஐந்து இரவுகள் அக்கூடம் பூட்டப்படாது. விளக்கும் குடிநீரும் பாயும் இருக்க வேண்டும். ஓரிரவிற்கு இருவர் விழித்திருக்க வேண்டும். பத்துப் பேர் தேவை. நடைக்கு வர இயலாதவர்களும் இதற்கு வரலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் அர்த்தசாமப் பூசை முடிந்ததும் கொடிமரத்தின் அருகே எம்மை வந்து காணுங்கள்.

திருச்சிற்றம்பலம்.