வினைச்சொல் கிடைக்காத தொட்டி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் எனக்கு அளிக்கப்பெற்ற பொருள் ‘இலக்கியமும் இல்லமும்’ என்பதாகும். இல்லம் என்றவுடன் முற்றமும் திண்ணையும் முல்லைப் பந்தலும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவற்றைப் பேச இவ்வவையில் பலர் உளர். நான் இல்லத்தின் மிகச் சிறிய அறையைப் பற்றியும், அவ்வறையில் நெடுநாள் கிடந்த ஓர் இரும்புத் தொட்டியைப் பற்றியும் பேச விழைகின்றேன். சென்ற ஆவணியில் எங்கள் அடுக்ககத்து வீட்டில் அத்தொட்டியை உடைத்து அகற்றிவிட்டு, அவ்விடத்தில் தரையோடு தரையாக ஒரு குளியலிடம் அமைத்தோம். ஒன்பது நாள் வேலை. கவிஞர் அவையில் இது பேசத்தக்க பொருளா என்று முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் வீடு சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ளது. 1914ஆம் ஆண்டு முதல் மாநகருக்கு நீர் வழங்கிவரும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு நடந்தே சென்றுவிடலாம். என் தந்தையார் 1987இல் வாங்கிய வீடு. அக்காலத்து அடுக்ககங்கள் சிலவற்றில் குளியல் தொட்டி வைத்துக் கட்டுவது ஒரு பெருமையாகக் கருதப்பட்டது. எங்கள் தொட்டி வார்ப்பிரும்பால் ஆனது. உட்புறம் வெண்ணிற எனாமல் பூச்சு. ஐந்தரை அடி நீளம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் விளிம்பு. நிரப்பினால் ஏறத்தாழ 170 லிட்டர் கொள்ளும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வீட்டார் நாள்தோறும் அதனுள் இறங்கினர். ஆயினும் ஒருவரேனும் ஒருநாளேனும் அதனை நிரப்பி அதிற் கிடந்து குளித்ததில்லை. தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்து, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டோம். அண்டை வீட்டாரும் அவ்வாறே செய்தனர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இது ஏன் என்று எண்ணிப் பார்க்கையில், விடை நம் மொழியிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

குளியலைக் குறிக்கும் தமிழ் வினைகள் இரு குடும்பங்களாகப் பிரிந்து நிற்கின்றன. நீருக்குள் மனிதர் செல்வது ஒன்று: ஆடுதல், குடைதல், மூழ்குதல், தோய்தல், படிதல் என்பன. ‘குளித்தல்’ என்னும் சொல்லும் முற்காலத்தில் நீருள் மூழ்குதலையே உணர்த்திற்று. முத்துக்குளித்தல் என்னும் தொடரில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. மனிதர்மேல் நீர் வருவது மற்றொன்று: ஊற்றுதல், வார்த்தல், நீராட்டுதல் என்பன. முதற்குடும்பம் ஓடும் நீருக்கும் விரிந்த நீருக்கும் உரியது. பரிபாடலில் நமக்குக் கிடைத்துள்ள 22 முழுப்பாடல்களில் எட்டு வையையைப் பாடுவன. அவற்றில் ஊரே ஆற்றில் இறங்குகிறது. இரண்டாம் குடும்பம் வீட்டுக்கு உரியது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில், கடற்கரைக்குப் புறப்படுமுன் மாதவியின் கூந்தலை நீராட்டிய செய்தி வருகின்றது. பத்துவகைத் துவரும் ஐந்துவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீர் அது. கடலுக்கு ‘ஆடல்’, அகத்தில் ‘ஆட்டல்’ என அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

குளியல் தொட்டியோ நான்கு சுவருக்குள் நின்றுகொண்டு முதற்குடும்ப வினையை நம்மிடம் கேட்டது. அறைக்குள், அசையாத நீரில், தன் உடல் அழுக்கு தன்னைச் சூழ்ந்து நிற்க ‘ஆடுவது’ எப்படி? தமிழ் மனம் அதற்கு இசையவில்லை. தொட்டியை நிராகரிக்கவும் இல்லை; அதனுள் நின்றுகொண்டு இரண்டாம் குடும்பத்து வினையையே செய்தது. பொருள் வந்து சேர்ந்தது. அதற்குரிய வினைச்சொல் கடைசிவரை கிடைக்கவில்லை.

இவ்வினைகளைப் பேச்சு வழக்கு எத்துணை நுட்பமாகக் கையாள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘தலைக்குக் குளித்தல்’ வேறு, ‘மேலுக்குக் குளித்தல்’ வேறு. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றால் கருவுற்றிருக்கிறாள் என்பது பொருள். ‘தலைமுழுகிவிட்டான்’ என்றால் உறவை அறுத்துக்கொண்டான் என்பது பொருள். காலை நீட்டி அமர்ந்து, கால்களின்மேல் குழந்தையைக் கிடத்தித் ‘தண்ணீர் வார்க்கும்’ பாட்டியர் வாய்ச்சொற்களையும், ஊர்தோறும் வழங்கும் இத்தகைய வழக்குகளையும் திரட்டும் பணியை நம் வட்டம் வரும் ஆண்டில் மேற்கொள்ளலாம். என் மாணவியர் பலர் ‘நீர் குடைதல்’ என்பதை அகராதியில்தான் காண்கின்றனர்.

குளிப்பதற்குப் பயன்படாத அத்தொட்டி வேறொன்றுக்குப் பயன்பட்டது. 1993இலும் 2003இலும் 2019இலும் சென்னை நீரின்றித் தவித்ததை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டுகளில் எங்கள் வீட்டில் யாரும் தொட்டிக்குள் நின்று குளிக்கவில்லை. லாரி வரும் நாளில் குடம் குடமாகச் சுமந்து அதனை நிரப்புவோம். அடைப்பானைத் துணியால் சுற்றி இறுக்கி, மேலே பலகை போட்டு மூடி வைப்பார் என் தாயார். ‘நம் வீட்டுச் செம்பரம்பாக்கம்’ என்பார் தந்தையார். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஏரியில் நான்கு குடம் நீர் மிச்சம் இருந்தது.

ஆகவேதான், தொட்டியை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது மறுத்தவர் என் தாயார். அவருக்கு அகவை எழுபத்தாறு. மூட்டுத் தேய்மானம். ஒன்றரை அடி விளிம்பைக் கடந்து காலைத் தூக்கி வைப்பது அவருக்கு ஒரு மலையேற்றமாகியிருந்தது. இருமுறை சறுக்கிச் சுவரைப் பற்றிக்கொண்டார். அதன்பின் நான் கல்லூரியிலிருந்து திரும்பும்வரை குளிக்காமல் காத்திருப்பார். கதவைத் தாழிடாமல் குளிப்பார். பல நாள் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வார். நான் ஊற்றிவிடுகிறேன் என்றால் கோபம் வரும். “பொறந்தப்போ ஒருத்தர் ஊத்தினாங்க. போறப்போ ஒருத்தர் ஊத்துவாங்க. நடுவுல நானே ஊத்திக்கிறேன், விடு” என்பார். எனினும் தொட்டியை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. “தண்ணி நின்னுபோச்சுன்னா எதுல புடிச்சு வைப்பே?” என்று கேட்டார். மூன்று வறட்சிகளில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை நடத்தியவர் கேட்கும் கேள்வி அது. பின்கட்டுப் பால்கனியில் நூறு லிட்டர் டிரம் இரண்டு வாங்கி வைத்து, அவற்றை நிரப்பிக் காட்டிய பின்னரே இசைந்தார்.

முதுமையும் நீரும் சந்திக்கும் இடத்தைப் புறநானூற்றின் 243ஆம் பாட்டு முன்பே கண்டுவிட்டது. இளமையில், நீரில் தாழ்ந்த மருத மரக்கிளையேறி ஆழ்ந்த மடுவில் துடுமெனப் பாய்ந்து, அடிமணலை அள்ளிக் காட்டியவன், இன்று கோலூன்றி நடுங்கி, இருமலின் இடையே சில சொற்கள் பேசும் முதியவனாய் அந்நாளை நினைந்து இரங்குகின்றான். அப்பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் கைத்தடியே அவர் பெயராயிற்று: தொடித்தலை விழுத்தண்டினார். தலைப்பகுதியில் பூண் கட்டிய தடி. வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் நாம் மடுவைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறோம்; பாய்ச்சல் அழகானது அல்லவா! தடியை உரையாசிரியர்க்கு விட்டுவிடுகிறோம். ஆனால் புலவர் அத்தடியை எத்துணை உற்றுப் பார்த்திருக்க வேண்டும்! வெறும் கோல் என்று சொல்லிக் கடந்திருந்தால் அவர் பெயரற்றவராகவே போயிருப்பார்.

இனி, ஒன்பது நாள் வேலைக்கு வருகின்றேன். வார்ப்பிரும்புத் தொட்டியை முழுதாகத் தூக்கிச் செல்ல இயலாது, படிக்கட்டில் திரும்பாது. நனைத்த கோணிகளைப் போர்த்திச் சம்மட்டியால் அடித்தார்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கோணி இல்லையேல் எனாமல் சில்லுகள் கண்ணாடிபோல் தெறிக்கும். முதல் அடியின் ஓசை கோயில் மணி போலவே இருந்தது. நான்காம் அடியில் அவ்வோசை செத்துவிட்டது. துண்டுகளைக் காயலான் கடைக்காரர் நிறுத்துப் பார்த்தார்: 112 கிலோ. அடியில் ஈரம் ஊறிக் கறுத்த செங்கல் சல்லி நிறைந்திருந்தது. தொட்டியின் கழிவுக்குழாய் இணைப்பு பல்லாண்டுகளாகக் கசிந்திருக்கிறது. கீழ்த்தளத்து வீட்டுக்காரர் தம் கூரையில் படர்ந்த கறையைப் பற்றிச் சொல்லிவந்ததன் காரணம் அப்போதுதான் புலனாயிற்று.

வேலைக்கு வந்த கொத்தனார் திருவண்ணாமலைப் பக்கத்தவர். அவர் பேச்சைக் குறித்துக்கொள்ளவென்றே அருகில் நின்றேன். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி ரசமட்டம். நீர் வடிவதற்காகத் தரையைச் சிறிது சாய்ப்பதன் பெயர் வாட்டம். “வாட்டம் பத்தாதும்மா, தண்ணி மூலையில நிக்கும்” என்றார். முகவாட்டத்தையும் பயிரின் வாட்டத்தையும் மட்டுமே எழுதிவரும் நாம், நீரை வழியனுப்பும் இவ்வாட்டத்தை ஏன் விட்டுவிட்டோம்? நான்கடி நீளத்துக்கு அரை அங்குல வாட்டம் கொடுத்தார். அது மிகுந்தால் முதியவர் நிற்கும்போது கால் தடுமாறும், குறைந்தால் நீர் தேங்கி வழுக்கும் என்று விளக்கினார். கழிவுநீர் இறங்கும் கிண்ணத்துக்கு ‘நானி டிராப்’ என்று பெயர் சொன்னார். அதில் எப்போதும் சிறிது நீர் நின்று கீழ்க்குழாயின் நாற்றத்தைத் தடுக்கிறது. மராத்தியில் குளிக்குமிடத்துக்கு ‘ந்ஹாணி’ என்று பெயர். ஒரு மராத்திச் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லும் ஒட்டிக்கொண்டு நம் வீட்டுத் தரைக்கடியில் குடியிருக்கின்றன. தனித்தமிழ் அன்பர்கள் சினங்கொள்ள வேண்டா. வேறு சொல் சொல்லிக் கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது.

நீர்கசியாப் பூச்சு பூசி உலர்ந்தபின், ஓடு பதிப்பதற்கு முன், அவ்வறையில் ‘தண்ணீர் கட்டினார்’. நானி டிராப்பை அடைத்து, வாசலில் சிறு வரப்பு கட்டி, நான்கு விரற்கடை நீர் நிறுத்தி, இரண்டு நாள் விட்டுவைப்பது. இரண்டாம் நாள் மாலை அவரும் நானும் கீழ்வீட்டுக்குச் சென்று அண்ணாந்து பார்த்தோம். கறை வளரவில்லை. வயலுக்கு நீர் கட்டுவது போலவே இதற்கும் சொல்கிறாரே என்று நான் வியந்தேன்; “நெலத்துல கட்டினவன்தானே நானு” என்றார் அவர். அதன்மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் கைப்பிடிக் கம்பி. தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று நான் அளவு நாடாவோடு நின்றேன். கொத்தனார் அதைப் பொருட்படுத்தாமல் என் தாயாரை அழைத்துவரச் சொன்னார். முக்காலியைப் போட்டு, “உக்காருங்கம்மா. இப்ப எழுந்திரிங்க. நெனைக்காம எழுந்திரிங்க” என்றார். என் தாயார் எழுந்தார். கை தானாகச் சுவருக்குப் போன இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மும்முறை எழச் செய்து மூன்று கோடு போட்டு, நடுக்கோட்டில் துளையிட்டார். நான் எண்ணியிருந்ததைவிட ஐந்து அங்குலம் தாழ்வாக அமைந்தது. என் தாயார் அக்கம்பியைத் ‘தடி’ என்றுதான் சொல்கிறார். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஓடு காய்ந்து, பத்தாம் நாள் காலை, நான் கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். மாலைவரை காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, பித்தளைச் சொம்பையும் மாற்றுப் புடவையையும் எடுத்துக்கொண்டு அவர் உள்ளே சென்றார். பல மாதங்களுக்குப் பின் அக்கதவின் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. அன்று முதல் வகுப்புக்கு நான் பத்து நிமிடம் தாமதமாகச் சென்றேன்.