வடநெம்மேலியில் பிரகலாத்



கோயம்புத்தூரில் 1941இல் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் முடித்து யூனியன் கார்பைடின் பேட்டரி ஆலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 19. பிறகு ஆமதாபாத் ஐ.ஐ.எம்., ஹார்வர்டு, மிச்சிகன் பல்கலைக்கழகம் என்று நீண்டது அவர் பயணம். கேரி ஹேமலுடன் 1990இல் எழுதிய கட்டுரைதான் உலகெங்கும் அவர் பெயரை நிலைநாட்டியது. நிறுவனத்தை அது விற்கும் சரக்கை வைத்து எடைபோடாதீர்கள், அதன் ஆட்கள் சேர்ந்து கற்றுவைத்திருக்கும் திறமையை வைத்து எடைபோடுங்கள் என்றது அது. கார், மோட்டார் சைக்கிள், ஜெனரேட்டர் என்று ஹோண்டா எதை விற்றாலும் அடியில் இருப்பது எஞ்சின் செய்யும் கைத்திறன்.

இந்த மாமல்லபுரத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இதற்கொரு சான்று இருக்கிறது. வரப்பில் விழுந்த தடம், எச்சம், உரித்துப் போட்ட சட்டை ஆகியவற்றைப் பார்த்தே எந்தப் பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்று சொல்பவர்கள் இருளர் பழங்குடியினர். தோல் வியாபாரத்துக்காகவே பல காலம் பாம்பு பிடித்தார்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்ததும் பிழைப்பு போயிற்று.

திறமை மட்டும் போகவில்லை. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து மண்பானையில் அடைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம்தான் மருந்து ஆலைகளில் விஷமுறிவு மருந்தாகிறது. அதே கைத்திறன்தான், சரக்கு வேறு. பிரகலாத் சொன்னதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே இங்கே நடந்துவிட்டது.

ஆனால் 2004இல் வெளியான அவருடைய 'பிரமிடின் அடித்தளம்' பற்றிய நூலை இந்தச் சங்கத்தின் முன் வைத்தால் ஒரு குறை தெரிகிறது. ஏழைகளைச் சந்தையாக மதிக்கச் சொன்னார் பிரகலாத். அதில் நியாயம் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும் அந்நூல் எடுத்துக்காட்டியது. என்றாலும் வாங்குபவர்களே அதில் முன்வரிசையில் நின்றார்கள். ஏழைகளை உற்பத்தியாளர்களாகப் பாருங்கள் என்று அதே மிச்சிகனில் பணியாற்றிய அனீல் கர்னானி மறுத்தார். வடநெம்மேலி கர்னானியின் பக்கம் நிற்கிறது. இங்கே திறமை உள்ளவர்களே சங்கத்தின் உறுப்பினர்கள்.

இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் புளோரிடா சதுப்பு நிலத்தில் மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படியிருந்தும், எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பது ஒவ்வொரு முறையும் வனத்துறை தரும் அனுமதியில்தான் இருக்கிறது. அனுமதி தாமதமானால் அடுப்பெரிவதும் தாமதமாகும்.

இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் திறமை எது என்று எழுதும்போது, அந்தத் திறமை யாருடையது, வரும் பணத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.