மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வோர்



வைத்தியசாலைக்குச் செல்லும் ஒருவர் அங்கே வைத்தியரை அறிவார், தாதியரை அறிவார், மருந்து கலந்து கொடுப்பவரையும் அறிவார். ஆனால், நோயாளியின் தலையில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்து தரும் தொழினுட்பவியலாளரை அறிந்தவர் மிகச் சிலரே. நமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் ஈ.ஈ.ஜி. பதிவாளர் என வழங்கப்படும் இவர்கள் யாது கற்க வேண்டும், எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்தலாகாது என்பன பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன்.

உயிருள்ள மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை முதன்முதலில் எடுத்துக் காட்டியவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து வைத்தியரான றிச்சட் கேற்றன். முயல்களிலும் குரங்குகளிலும் தாம் கண்டதை அவர் 1875ஆம் ஆண்டு வெளியிட்டார். மனித மூளையின் அலைகளை முதலிற் பதிவு செய்த பெருமை ஜேர்மனியின் யேனா நகரத்து மனநோய் வைத்தியர் ஹான்ஸ் பேர்கரைச் சாரும். 1924இல் பதிவு செய்ததை அவர் ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்து, 1929இலேயே வெளியிட்டார். அப்பொழுதும் பலர் அதனை நம்பவில்லை. 1934இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன், மத்தியூஸ் என்னும் இருவரும் அதனை உறுதிப்படுத்திய பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது. பேர்கரைத் தயங்கச் செய்த ஐயம் யாது? தாம் காண்பது மூளையின் அலைதானா, அன்றித் தசையும் இரத்த நாடித் துடிப்பும் காட்டும் மாயமா என்பதே. அந்த ஐயந்தான் இன்றைக்கும் இத்தொழிலின் முதற் பாடம்.

ஏன் அவ்வாறு கூறுகின்றேன்? மூளையின் அலைகள் மிக நுண்ணியவை. தலைத் தோலில் அவற்றின் அளவு பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ற்றுக்களே. கைமின்விளக்கில் இடும் சாதாரண மின்கலம் 1.5 வோல்ற்று உடையது. 50 மைக்ரோவோல்ற்று அலை அதன் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய ஒன்றைப் பன்மடங்கு பெருக்கித் திரையில் வரையும்போது, அதனோடு வேண்டாதனவும் பெருகி வந்துவிடும். கண் இமைத்தால் ஓர் அலை. பல்லைக் கடித்தால் ஓர் அலை. நெற்றி வியர்த்தால் ஓர் அலை. இதயத் துடிப்பும் இடையிடையே தோன்றும். சுவரில் ஓடும் மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அதிர்ந்து தன் வரவையும் பதிவு செய்துவிடும். இவற்றுள் எது மூளையுடையது, எது அன்று எனப் பிரித்தறிபவரே நல்ல பதிவாளர். அவர் நோயாளியின் அருகில் இருக்கின்றார். அறிக்கை எழுதும் வைத்தியரோ பின்னர் வேறோர் அறையில் இருந்து பார்க்கின்றார். அருகில் இருப்பவர் குறித்து வையாததை அவர் எங்ஙனம் அறிவார்?

மின்வாய்களைத் தலையில் வைப்பதும் ஏதோ கண்மதிப்பிற் செய்யும் காரியம் அன்று. கனடாவின் ஹேபேட் ஜாஸ்பர் தலைமையில் அமைந்த சர்வதேசக் குழு வகுத்து, 1958இல் வெளியான பத்து-இருபது முறையே உலகெங்கும் கையாளப்படுகின்றது. மூக்கின் அடிப்பள்ளத்திலிருந்து பிடரியின் எலும்புப் புடைப்பு வரையும், ஒரு காதின் முன்புறத்திலிருந்து மறு காது வரையும் நாடாவினால் அளந்து, அந்நீளங்களின் பத்திலொரு பங்கும் ஐந்திலொரு பங்குமாகப் பிரித்து இடங்களைக் குறிக்கின்றனர். முன்பின் அளவு 36 சதமமீற்றர் ஆயின், முதற் குறி 3.6 சதமமீற்றரில், அடுத்த குறிகள் 7.2 சதமமீற்றர் இடைவெளியில். இடப்பக்கத்துக்கு ஒற்றை எண்கள். வலப்பக்கத்துக்கு இரட்டை எண்கள். குழந்தையின் சிறிய தலைக்கும் பெரியவரின் தலைக்கும் இம்முறை ஒருங்கே பொருந்தும். இன்று யாழ்ப்பாணத்திற் செய்த பதிவை மறு ஆண்டு இலண்டனிற் செய்த பதிவோடு ஒப்பிட இயல்வது இந்த நாடா அளவையினாலேயே. ஒரு மின்வாய் இரண்டு சதமமீற்றர் விலகினால், இரு பக்கமும் சமமாக உள்ள மூளை சமமற்றதுபோலத் தோன்றக்கூடும். அளந்த பின்னர், தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசையிட்டு, மின்வாயைப் பொருத்தி, அதன் மின்தடை பொதுவாக ஐந்து கிலோ ஓமுக்குக் குறைவாக உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பின்னரே பதிவு தொடங்கும். வழக்கமான பதிவு இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் நடைபெறும்.

பதிவு நடக்கும்போது பதிவாளர் சும்மா இருப்பதில்லை. கண்ணை மூடச் சொல்கின்றார், திறக்கச் சொல்கின்றார். கண் மூடியபோது பிடரிப் பக்கத்திற் செக்கனுக்கு எட்டு முதல் பதின்மூன்று வரை எழும் அல்பா அலை, கண் திறந்ததும் மறைகின்றதா எனப் பார்க்கின்றார். மினுங்கும் விளக்கைக் காட்டுகின்றார். மூன்று நிமிட நேரம் ஆழமாக மூச்சுவிடச் செய்கின்றார். இம்மூச்சுப் பரீட்சையின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவேன்.

பாடசாலையில் ஒரு சிறுமி அடிக்கடி வெறித்துப் பார்த்தபடி சில செக்கன்கள் இருந்துவிடுகின்றாள். ஆசிரியர் அவளைக் கவனமில்லாதவள் என்கின்றார். வீட்டில் ஏச்சு விழுகின்றது. அவள் பதிவு அறையில் ஆழமாக மூச்சுவிடும்போது, செக்கனுக்கு மூன்று என்னும் ஒழுங்கில், கூர்முனையும் அகன்ற அலையும் மாறி மாறித் தலை முழுவதும் எழுகின்றன. 1935இல் அமெரிக்காவிற் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் ஆகியோர் விவரித்த கோலம் இது. தேர்ந்த பதிவாளர் அந்தக் கணத்திலேயே, “மாம்பழம்” என்று ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லுகின்றார். அலை அடங்கியதும், “நான் சொன்ன சொல் என்ன?” என்று கேட்கின்றார். சிறுமிக்குத் தெரியவில்லை. அச்சில செக்கன்களில் அவளது உணர்வு மறைந்திருந்தது என்பது நிறுவப்பட்டுவிட்டது. அதனைப் பதிவிற் குறித்து வைக்கின்றார். அச்சிறுமி சோம்பேறி அல்லள், நோயுடையவள், அந்நோய்க்கு நல்ல மருந்தும் உண்டு. ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவர் அருகில் இருந்ததால் ஒரு குழந்தையின் கல்வி காப்பாற்றப்படுகின்றது. இதே மூச்சுப் பரீட்சையை அண்மையிற் பாரிசவாதம் கண்டவருக்கோ, கடும் இதய நோய் உடையவருக்கோ செய்தலாகாது என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒருமுறை மயங்கி விழுந்த இளைஞனின் பதிவில், உறக்கத்தில் இயல்பாக எழும் கூரிய அலையை நோய் எனக் கொண்டால், அவன் ஆண்டுக்கணக்கில் வேண்டாத மருந்தை உண்பான். சாரதி அநுமதிப்பத்திரத்தை இழக்கக்கூடும். நமது சமூகத்தில் அவனது திருமணமும் தடைப்படலாம். அவன் உறங்கத் தொடங்கினான் என்ற ஒரு குறிப்பு அந்த இடத்தில் இருந்திருப்பின் வைத்தியர் எச்சரிக்கை அடைந்திருப்பார்.

இனி, இவர்களின் பயிற்சியை நோக்குவோம். மூளையின் அமைப்பும் தொழிலும், நரம்பு நோய்கள், மின்னியலின் அடிப்படைகள், பெருக்கும் கருவியும் வடிகட்டிகளும் இயங்கும் விதம், பிறந்த குழந்தை முதல் முதியோர் வரை வயதுக்கேற்ப அலைகள் மாறும் முறை, உறக்கத்தின் படிகள், மருந்துகள் அலைகளை மாற்றும் விதம், வலிப்புக் கண்டவருக்கு முதலுதவி, தொற்றுத் தடுப்பு என்பன பாடங்கள். இவற்றைப் புத்தகத்தில் மட்டும் கற்க முடியாது. அநுபவம் உடையவரின் பக்கத்தில் நின்று, பல நோயாளிகளிற் பதிவு செய்து பழக வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1959இல் இத்தொழிலாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1964இல் தகுதிப் பரீட்சை நடத்தும் சபையும் தோன்றியது. அப்பரீட்சையில் தேறியவர் பதிவு பெற்ற தொழினுட்பவியலாளர் எனப்படுவர். அத்தகுதியைத் தொடர் கல்வியாற் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும். இங்கிலாந்தில் இது பல்கலைக்கழகப் பட்டமாகக் கற்பிக்கப்படுகின்றது. இந்தியாவிற் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனமும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இத்துறையிற் பயிற்சி அளித்து வந்துள்ளன.

இவர்களின் தொழில் எல்லை யாது? நோய் இன்னதெனத் தீர்மானித்து அறிக்கை எழுதுவது வைத்தியரின் கடமை. பதிவாளர் தாம் கண்டவற்றை விவரிப்பார், முடிவு கூறார். “தம்பி, என் பிள்ளைக்கு என்ன வருத்தம்?” என்று ஒரு தாய் கண்ணீரோடு கேட்கும்போது வாய் திறவாதிருத்தல் எளிதன்று. எனினும் இதிற் காரணம் உண்டு. வலிப்பு நோய் உடையவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேரின் முதற் பதிவில் நோயின் அடையாளம் தோன்றாமற் போகின்றது. “ஒன்றுமில்லை, அம்மா” என்று அன்பினாற் சொன்ன ஒரு சொல், மருந்தை நிறுத்தச் செய்துவிடக்கூடும். “வைத்தியர் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வார்” என்பதே இங்கு உண்மையும் கருணையும் ஆகும்.

ஆயினும் எல்லை என்பது கையைக் கட்டிக்கொண்டிருத்தல் அன்று. ஓயாத வலிப்பின் அலைகள் திரையில் ஓடும்போது, பதிவு முடியட்டும் எனக் காத்திராமல் உடனே வைத்தியரை அழைப்பது அவரது கடமை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைவின்றிக் கிடக்கும் ஒருவரின் மூளையில், உடல் சிறிதும் நடுங்காமலே வலிப்பு நடந்துகொண்டிருக்கலாம். அதனைக் காட்டக்கூடியது இப்பதிவு ஒன்றே. ஐயத்துக்குரிய இடத்தில் மேலும் மின்வாய்களை வைப்பதும், பதிவை நீடிப்பதும் அவருடைய அறிவுக்கு விடப்பட்டவை. மூளைச் சாவை உறுதிப்படுத்த இப்பதிவைப் பயன்படுத்தும் நாடுகளில், கருவியின் நுண்மையை மிக உயர்த்தி, குறைந்தது 30 நிமிடம் பதிவு செய்யுமுன், ஒவ்வொரு மின்வாயையும் தொட்டுத் தட்டி, அது வேலை செய்கின்றதா எனச் சோதிக்கின்றனர். திரையில் அலை இல்லாமை மூளையின் மௌனமா, கம்பியின் பழுதா என்பதை அந்தச் சிறு தட்டுத்தான் சொல்கின்றது. இத்தகைய பொறுப்பை வெறும் கருவி இயக்குதல் என யார் சொல்லக்கூடும்?

ஓடும் காகிதத்தில் மைமுனைகள் வரைந்த காலம் போய், கணினித் திரைகள் வந்துவிட்டன. உறக்க ஆய்வு, நாட்கணக்கில் நிழற்படத்தோடு நடத்தும் வலிப்புக் கண்காணிப்பு, முள்ளந்தண்டு சத்திரசிகிச்சை நடக்கும்போதே நரம்புப் பாதையைக் காவல் காத்தல் எனத் துறையும் விரிந்துள்ளது. விஞ்ஞானம் கற்ற இளைஞரும் யுவதியரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

முடிவாக, பரீட்சைக்குச் செல்வோர் சிலவற்றை மனத்திற் கொள்ளுங்கள். இக்கருவி உங்கள் தலைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. உங்கள் எண்ணங்களை வாசிப்பதுமில்லை. அங்கிருந்து வருவதை வாங்கி எழுதுவதே அதன் வேலை. முதல்நாள் தலைமுழுகி, எண்ணெய் பூசாமற் செல்லுங்கள். எண்ணெய்த் தலையில் மின்வாய் பற்றாது. பட்டினி கிடவாதீர்கள். வைத்தியர் சொன்னாலன்றி வழக்கமான மருந்தை நிறுத்தாதீர்கள். உறக்கம் குறைத்து வரச் சொன்னால் அவ்வாறே செய்யுங்கள். நாடாவும் பசையுமாக உங்கள் தலைமாட்டில் நிற்பவர் அரை மணி நேரம் அளந்துகொண்டிருந்தால் பொறுமை இழவாதீர்கள். அவரது பொறுமையில்தான் உங்கள் நோயின் உண்மை தங்கியிருக்கின்றது.