மூன்று நூல்கள்



நூல்களை விரும்பி வாசிப்பவன் ஒருவனிடம், "உமக்கு மிகவும் பிரியமான நூல்கள் எவை?" என்று வினவினால் அவன் இடர்ப்படுவான். ஒன்றைச் சொன்னால் மற்றொன்றுக்குத் துரோகஞ் செய்தவனாவேனோ என்று அஞ்சுவான். நானும் நெடுங்காலம் அவ்வாறே மழுப்பி வந்தேன். ஆயினும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை, அவ்வினாவுக்கு அரைமணி நேரத்துள் விடை சொல்லவேண்டி நேர்ந்தது. வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய நாள் அது. வீட்டில் ஒரு துவிச்சக்கர வண்டிதான் இருந்தது. அரிசியும் உடுப்பும் கட்டியபின் கரியரில் மூன்று நூல்களுக்கே இடமிருந்தது. அதற்கும், "தம்பி, இன்னும் ஒரு கொத்து அரிசி வைக்கலாமே, இப்ப புத்தகமோ?" என்று அம்மா கேட்டார்.

என் அலுமாரியில் இருந்தவற்றுள் மூத்தவை என்னுடையவை அல்ல, பெரியம்மாவுடையவை. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரை, கிழமைதோறும் கிழித்தெடுத்துச் சேர்த்து, மணியத்தின் சித்திரங்களோடு ஐந்து கட்டுகளாகத் தைத்து வைத்திருந்தார். சிறுவனாயிருந்த எனக்கு நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமே தருவார். மிகுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். அந்நாளில் அதனைக் கொடுமையென்றே எண்ணினேன். இன்றோ, எந்த நூலையும் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் வாசிக்க என்னால் இயலுவதில்லை. ஒரே மூச்சில் நூல்களை விழுங்கிவிடும் நண்பர்கள் எனக்கு உளர். நேற்று வாசித்ததை அவர்களிடம் கேட்கும்போது அவர்கள் விழிப்பதைக் கண்டு உள்ளூர மகிழ்பவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

நூல்கள் எரியும் என்பதை நான் பதினொரு வயதில் அறிந்தேன். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தபோது, அங்கே என்னை ஞாயிறுதோறும் அழைத்துச் சென்ற தகப்பனார் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. ஆதலால் விட்டுச் செல்பவை மீளக் கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்த மாலையில் எனக்கு இருக்கவில்லை.

நான் எடுத்த மூன்றையும் சொல்லுகிறேன். முதலாவது திருக்குறள், பரிமேலழகர் உரையுடன். உண்மையைச் சொல்வதாயின், அளவிற் சிறியது என்பதனாலேயே அது வண்டியேறியது. மற்றையது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. மூன்றாவது லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' என்னும் ஆங்கில நாவல்.

மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு கொட்டகையில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், மண்ணெண்ணெய் இடங்கொடுத்த மட்டும் ஐயரை வாசித்தேன். அதற்கு முன் இருமுறை வாசித்த நூல்தான். எனினும், மகனுக்கு ஓர் ஆசிரியரைத் தேடி அவர் தந்தையார் குடும்பத்தோடு ஊர் ஊராக அலைந்த பகுதிகளை, அலைந்தவன் ஒருவனின் கண்கொண்டு வாசித்தது அதுவே முதன்முறை. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்திக்கும் இடம் நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாமல், பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்று கேட்கிறார். கேட்டவரைக் கோபிக்காமல், தமக்குத் தெரியாததைத் தேடிப் புறப்பட்டார் ஐயர். ஏழாண்டுகளில் சீவக சிந்தாமணி அச்சேறியது. அதே 1887இல் எங்கள் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். முதலியாரைச் சந்தித்தபோது ஐயருக்கு வயது 25. கொட்டகையில் இருந்த எனக்கும் வயது 25. கையில் பட்டம் இருந்தது, தொழில் இருக்கவில்லை. பட்டத்துக்காகப் படித்தவை அன்றி நான் எதைக் கற்றேன் என்று அந்த முதலியார் என்னையே கேட்பதுபோல் இருந்தது. பின்னாளில் ஆசிரியனானபோது நான் அதிகம் வாசித்துக் காட்டிய அத்தியாயம் அதுதான்.

வுல்ஃப் 1904இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலே உத்தியோகம் பழகியவர். ஆனால் அவர் எழுதியது அம்பாந்தோட்டைப் பக்கத்துச் சிங்களக் கிராமமொன்றின் அழிவை. கடனும் பசியும் காய்ச்சலும் ஒவ்வொருவராகக் கொண்டுபோக, ஈற்றில் ஒருத்தி மட்டும் எஞ்ச, காடு வந்து வீடுகளை மூடுகிறது. மறு ஆண்டு வன்னிக்குச் சென்று காட்டோரத்திலே குடியிருந்தபோது அந்நூலை வாசித்தேன். எழுதியவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி, எழுதப்பட்டவர் சிங்களக் குடியானவர், வாசித்தவன் இடம்பெயர்ந்த தமிழன். இவ்வேறுபாடு எனக்கு வாசித்து முடித்த பிறகே நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பியபோது வீட்டுக்கு ஓடு இல்லை. பெரியம்மாவின் ஐந்து கட்டுகளும் கறையான் மண்ணாய்க் கிடந்தன. அவருக்கு எப்படிச் சொல்வதென்று பல நாள் தயங்கினேன். சொன்னபோது அவர் அழவில்லை. "நீ எதுகளைக் கொண்டு போனனீ?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "ஐயருடைய கதையோ? அதுவும் விகடனில் தொடராய் வந்ததுதானே, நீயும் தொடர்கதைதான் கொண்டு போயிருக்கிறாய்" என்றார். 1940 முதல் அது ஆனந்த விகடனில் வந்தமை எனக்கு அப்போது மறந்தே போயிருந்தது.

அதன்பின் பத்தாண்டுகள் வரை நான் நூல் வாங்குவதைக் குறைத்துக்கொண்டேன். பொது நூலகம் மீண்டுந் திறக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையச் சேமிப்பில், கைக்கு எட்டாதென்று நினைத்த ஈழத்து நூல்கள் பலவற்றைக் காண்கிறேன். எரியாத, கறையான் ஏறாத ஏடுகள் அவை. எனினும் திரையிலே வாசிக்கையில் ஓர் அத்தியாயத்தோடு நிற்க என்னால் முடிவதில்லை. பெட்டியைப் பூட்ட அங்கே பெரியம்மா இல்லை.

இப்போது அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, பாடசாலை அலுவல்கள் தலையில் ஏறுமுன் வாசிக்கிறேன். மாணவருக்கு நூல்களை இரவல் கொடுப்பதும் உண்டு. பெயரும் தேதியும் எழுத ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். நாவற்குழி மழையில் நனைந்து அட்டை வீங்கிய அந்த 'என் சரித்திரம்' இப்பொழுது என்னிடம் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுபோனாள். அவள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாளாயின், அவசரப்படவேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன். நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாக வாசித்து முடித்தபின் கொண்டுவந்து தந்தாற் போதும்.